ஸ்டாம்பு வைத்திருக்கும் உலகப் பட்டியல்

“இன்னும் கீழ படிங்க” என்றார் ஸ்டாம்பு.

கடை நாற்காலியில் இருந்த ஓர் அம்மா புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கையில் கொடுத்த அட்டையைக் கிட்டே கொண்டுவந்து, தள்ளி, மறுபடி கிட்டே கொண்டுவந்து, வாயில் நுழையாத ஓர் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். “அடுத்த வரி?” இன்னோர் ஊர். “அதுக்கடுத்தது?” மற்றோர் ஊர்.

“என்ன சார் இது, ஒரே ஊரா வருது? பஸ் டைம்டேபிளா?”

“நாப்பத்திமூணாவது வரி தெரியுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கம்மா.”

தெரிந்தது. கண்ணாடி சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அது பஸ் டைம்டேபிள் இல்லை. உலகத்தில் எந்தெந்த ஊர் மேசன் சங்கத்தோடு, அதாவது ஃப்ரீமேசன் சங்கத்தோடு, எங்கள் மேசன் சங்கத்துக்குப் போக்குவரத்து உண்டு என்கிற பட்டியல். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்த மனுஷர்தான் எங்கள் சங்கத்துக்குச் செயலாளர். கண் பார்க்க என்று கம்பெனி கொடுக்கிற அட்டையைப் பாதிப் பேர் மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்களாம். “இந்தப் பட்டியல எவனும் மனப்பாடம் பண்ண மாட்டான். எழுத்தும் பொடிசு. இதவிட நல்ல அட்டை எங்க கிடைக்கும்?” என்பார். உலகத்தையே கையில் வைத்துக்கொண்டு வெள்ளெழுத்துப் பார்க்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவர் கடைப் பலகையில் மட்டும் இருக்கிறது. எல்லோருக்கும் ஸ்டாம்பு, மரியாதைக்கு ஸ்டாம்பு சார். மத்தியானம் கதவில் தொங்கும் ‘சாப்பிடப் போயிருக்கிறேன்’ அட்டையில்கூடத் தேதியும் கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் இருக்கும். “மளிகைச் சீட்டுல முத்திரை குத்துறாருங்க. கடைக்காரன் என்னைப் பாத்து சிரிக்கிறான்” என்று அவர் வீட்டம்மா என்னிடம் நியாயம் கேட்டிருக்கிறார். அறுபத்தெட்டு வயது, ஒடிந்து விழுகிற உடம்பு, சட்டைப் பையில் நான்கு பேனா. நான்கில் ஒன்று எழுதும்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க இழுப்பறைகள். மேல் வரிசைகளில் பிரேம்கள், கீழ் வரிசைகளில் தேசங்கள். ஒவ்வொரு ஊர்க் கடிதத்துக்கும் ஒரு பெட்டி. கடிதத் தொடர்பு நல்லபடி நடக்கிற ஊர்கள் ஜன்னல் பக்கம் காற்றோட்டமாக இருக்கும். உறவு முறிந்த ஊர்கள், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய உடைந்த பிரேம்களோடு ஒரே இழுப்பறையில் கிடக்கும். வேறு இடம் இல்லை என்று சத்தியம் செய்வார். நான் நம்பியதில்லை.

எங்களைப் பற்றி வெளியே ஆயிரம் கதை. இருட்டறையில் ஆட்டுக்கடா மேல் ஏறுகிறோமாம். ராஜாக்களை ஏற்றி இறக்குகிறோமாம். நாலு பேர் உட்கார்ந்து உலகத்தை ஆட்டிவைக்கிறோமாம். உலகத்தை ஆட்டுவது இருக்கட்டும். எங்கள் ஹாலில் ஒரு மின்விசிறி மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தத் தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. வாசலில் லாட்ஜ் என்று பலகை இருப்பதைப் பார்த்து, ஒருவர் பெட்டி படுக்கையோடு வந்து டபுள் ரூம் கேட்டார். உள்ளே அரசியல் பேசக் கூடாது, மதம் பேசக் கூடாது. “பின்ன என்னதான் பேசுவீங்க?” என்று என் மனைவி கேட்டாள். விதி பேசுவோம். போன கூட்டத்தில் விதி பற்றிப் பேசியதை இந்தக் கூட்டத்தில் வாசித்து, சரிதான் என்று கை தூக்குவோம். இதுதான் அந்தப் பெரிய ரகசியம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள்.

இந்தச் சங்கத்துக்கு உலகத் தலைமை என்று ஒன்று கிடையாது. ரொம்பப் படித்தவர்களுக்கே இது புரிவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்ட நான் புரியவைக்கிறேன், கேளுங்கள். கிளைச் சங்கத்துக்கு லாட்ஜ் என்று பெயர்; ஓர் எல்லைக்குள் இருக்கிற லாட்ஜுகளெல்லாம் சேர்ந்து ஒரு தாய்ச்சபை, அதற்கு ஒரு பெருந்தலைவர். அந்த எல்லைக்குள் அது வைத்ததுதான் சட்டம். மேலே கேட்க ஆள் இல்லை. அடுத்த எல்லைக்கு அடுத்த தாய்ச்சபை. அதற்கும் மேலே ஆள் இல்லை. பாகம் பிரித்துக்கொண்டு போன பங்காளி வீடுகள் மாதிரி. தனித்தனி அடுப்பு, தனித்தனி சாவிக்கொத்து, மாமியார் என்று ஒருத்தி யாருக்கும் இல்லை. ஆனால் பத்திரிகை வைக்கிற உறவு உண்டு. நீ முறைப்படி பிறந்த சபை என்று நான் ஒத்துக்கொள்ள வேண்டும், நான் முறைப்படி பிறந்த சபை என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் உன் ஆள் என் கூட்டத்தில் வந்து உட்காரலாம், என் ஆள் உன் கூட்டத்தில் உட்காரலாம். உறவு முறிந்தால் இரண்டு சபை ஆளும் ஒரே கூட்டத்தில் உட்காரக் கூடாது. வெளியே டீ குடிக்கலாம், சீட்டு ஆடலாம், சம்பந்தம்கூடப் பண்ணலாம். கதவுக்கு உள்ளே மட்டும் கிடையாது. இத்தனையும் ஓடுவது கடிதத்தில். அந்தக் கடிதம் ஓடுவது ஸ்டாம்புவின் கையில்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் கொத்தனார். சித்தாளாகச் செங்கல் சுமந்து, கரணை பிடித்து, மேஸ்திரியாகி, காண்டிராக்டராகி, ஆற்றுப் பாலத்துக்கு இந்தக் கோடியில் மூன்று மாடிக் கட்டடம் சொந்தமாக எழுப்பியவன். எங்கள் சங்கத்தில் பல் டாக்டர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், ஓய்வு பெற்ற நீதிபதி இருக்கிறார். எல்லோருக்கும் மூலைமட்டமும் ரசமட்டமும் தூக்குக்குண்டும்தான் வேதம். அத்தனை பேரில் ஒரு சுவரை நேராக எழுப்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சேர்ந்த அன்று பெருந்தலைவரான பல் டாக்டர் கரணையைத் தூக்கிக் காட்டி, அன்பு என்னும் சாந்தைப் பூசுவது பற்றிப் பேசினார். கரணையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். “ஐயா, அப்படிப் பிடிச்சா சாந்து உங்க முழங்கையிலதான் ஒழுகும்” என்று சொன்னேன். குறிப்பேட்டில் அதையும் ஸ்டாம்பு எழுதியிருக்கிறார்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. கடல் கடந்த ஒரு தாய்ச்சபைக்கு நான் இங்கே பிரதிநிதி. அந்த ஊருக்கு நான் போனதில்லை, அந்த ஊர்க்காரன் ஒருவனையும் பார்த்ததில்லை. அவர்கள் நம் ஆள் ஒருவரைத் தங்கள் பிரதிநிதியாக வைப்பார்கள், நாம் அவர்கள் ஆள் ஒருவரை நம் பிரதிநிதியாக வைப்போம். யாரும் எங்கேயும் போக வேண்டாம். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே தூதர். சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். அந்த ஊர் எந்தப் பக்கம் என்று சம்பந்தி கேட்டபோது, ஸ்டாம்புவுக்குப் போன் போட்டுத்தான் சொன்னேன். “தெக்கால” என்றார், உடனே.

ஸ்டாம்புவின் கறார் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார், கூட்டத்தில் உட்கார வேண்டும் என்று. சான்றிதழ் காட்டினார், தங்க எழுத்து, சிவப்பு ரிப்பன், என் கல்யாணப் பத்திரிகைகூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை. ஸ்டாம்பு பட்டியலை எடுத்தார், விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார், கீழிருந்து மேலே போனார்.

“ஐயா, உங்க தாய்ச்சபைக்கும் எங்க தாய்ச்சபைக்கும் கடிதத் தொடர்பு இல்லீங்க.”

“நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?”

“நீங்க யாருங்கறதுல எனக்கு சந்தேகமே இல்லீங்க. உங்க சங்கம் யாருங்கறதுதான் தெரியல.”

பெருந்தலைவர் கண்ணைக் காட்டினார், ஆடிட்டர் இருமினார். ஸ்டாம்பு அசையவில்லை. அவரைக் கையைப் பிடித்து எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை கம்மியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். போகும்போது அந்த அதிகாரி ஒரு ஜோடி வாசிப்புக் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே விடவில்லை, ஆனால் பார்வையைத் திருத்தி அனுப்பினார் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தம்பி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கட்டி, அங்கேயே பேக்கரி வைத்து உட்கார்ந்துவிட்டவர். பாலத்தில் நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். ஆனால் நடு ஆறுதான் எல்லை. கிழக்கே அந்தக் கரை வேறு தாய்ச்சபை. தம்பிக்கு மேசன் ஆசையை மூட்டியது அண்ணன்தான். “உன் லாட்ஜுலயே சேத்துக்கயேன்” என்று தம்பி கெஞ்சியிருக்கிறார். “நீ எந்தக் கரைல தூங்கறியோ அந்தக் கரை சபைதான் உனக்கு” என்று அனுப்பிவிட்டார். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ரொட்டி சுடுகிற தம்பி படிப்படியாக ஏறி, இந்த வருஷம் அந்தக் கரைக்கே பெருந்தலைவராகத் தேர்வானார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதவியேற்பு.

பதவியேற்பில் முக்கியமான கட்டம், கழுத்தில் பட்டையைப் போடுவது. நீலப் பட்டு, தங்கச் சரிகை, நுனியில் பதக்கம். அதைப் போட நட்புச் சபையிலிருந்து ஒரு பெரியவரை அழைக்கலாம் என்று விதி.

“அண்ணா, பட்டைய நீதான் போடணும். எங்க சபைல கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க” என்றார் தம்பி, போனில்.

“வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல வரட்டும்.”

எழுத்தில் வந்தது. அந்தக் கடிதத்தை நான் பார்த்தேன். ‘வந்து சேர்ந்தது’ என்கிற முத்திரையை ஸ்டாம்பு தலைகீழாகக் குத்தியிருந்தார். செயலாளராக இருந்த இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

அதிலிருந்து கடையில் ஒத்திகை. பட்டைக்குப் பதில் கழுத்துத் துண்டு, தம்பிக்குப் பதில் நான். “குனியுங்க. அவ்வளவு இல்ல, அவன் உங்கள விடக் குட்டை. முழங்கால மடக்குங்க. மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க, அவன் பிடிக்க மாட்டான்.” மூன்று மாடி எழுப்பிய நான் கண்ணாடிக் கடையில் அரைமண்டி போட்டு நிற்கிறேன். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, எங்களைப் பார்த்து, “அப்புறமா வரேன் சார்” என்று போய்விட்டார். தம்பியின் பதவியேற்புக்கு இந்த மனுஷர் பட்ட பரபரப்பு, மகள் கல்யாணத்துக்குப் பட்டதில்லை என்று வீட்டம்மா சொன்னார்.

இனி நான் சொல்லப்போவது, அதை நான் எப்படிக் கெடுத்தேன் என்பது.

அந்தக் கரை லாட்ஜ் ஒன்றின் ஹாலில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. அது நான் செய்த வேலை இல்லை. என் பூச்சு விழாது. அவர்களுக்குக் கூட்டத் தேதி வைத்தாகிவிட்டது, ஓர் ஆளுக்கு இரண்டாம் படி கொடுத்து உயர்த்துகிற சடங்கு நடத்த வேண்டும். எனக்குப் போன் வந்தது. “அண்ணே, உங்க மேல்மாடி ஹால் ஒரு நாளைக்குக் கிடைக்குமா?” “ஒரு நாள் என்ன, பூச்சு காயறவரைக்கும் வெச்சுக்கோங்க” என்றேன். கொடுத்துப் பழகிய கை. நாற்காலி போட்டேன், விளக்குப் போட்டேன், நானும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவர்கள் சுற்றறிக்கையில் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். அச்சில் என் பெயர்! நேராக ஸ்டாம்புவின் கடைக்குப் போய், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கூட்டம்னா, சும்மா டீ குடிச்சிட்டுக் கலைஞ்சாங்களா, முறைப்படி லாட்ஜ் திறந்தாங்களா?”

“திறக்காம? முறைப்படி திறந்து, படி கொடுத்து, முறைப்படி மூடினாங்க. மூணு சுத்தியல் தட்டும் நானே எண்ணினேன்.”

“எந்தத் தாய்ச்சபை பேரச் சொல்லித் திறந்தாங்க?”

“அவங்க தாய்ச்சபை பேரத்தான்.”

“ஆத்துக்கு இந்தப் பக்கம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தாய்ச்சபையின் எல்லைக்குள் இன்னொரு தாய்ச்சபை லாட்ஜைத் திறக்கக் கூடாது. அடுத்தவன் வீட்டுக் கூடத்தில் நாம் அடுப்பு மூட்டுகிற மாதிரி. அவசரம் என்றால் வழி இருக்கிறது: அவர்கள் லாட்ஜ் அவர்கள் தாய்ச்சபையிடம் கேட்கும், அவர்கள் செயலாளர் ஸ்டாம்புவுக்கு எழுதுவார், நம் பெருந்தலைவர் சரி என்பார், ஸ்டாம்பு பதில் போடுவார். இரண்டு நாள் வேலை. யாரும் எழுதவில்லை. ஏனென்றால் நான் போனிலேயே தாராளமாகக் கொடுத்துவிட்டேன்.

“ஸ்டாம்பு, நான் இத உங்ககிட்ட காட்டவே இல்லன்னு வெச்சுக்குங்க.”

“காட்டிட்டீங்களே” என்றார்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். பல் டாக்டர் மேசையைக் குத்தினார். “இது படையெடுப்பு!” நாற்பது நாற்காலியும் ஒரு டீ கேனும் வைத்துக்கொண்டு நடத்திய படையெடுப்பு. ஆடிட்டர் நல்ல மனுஷர். எழுந்து, “முதல்ல விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் போடலாமே. இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?” என்று கேட்டார். ஸ்டாம்பு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய குறிப்பேடு அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

“நடந்திருக்கு. பன்னெண்டு வருஷம் முன்னாடி, வடக்கு எல்லைச் சபைக்காரங்க. உறவை நிறுத்தினோம். வருத்தக் கடிதம் வந்து, காலாண்டுக் கூட்டத்துல ஏத்துக்கிட்ட பிறகுதான் சேத்துக்கிட்டோம்.”

வடக்குக்கு ஒரு நியாயம், கிழக்குக்கு ஒரு நியாயமா? அதே தீர்மானம் போட்டாயிற்று. கடிதத் தேதியிலிருந்து உறவு நிறுத்தம். எல்லோருக்கும் தெரியும், மூன்று மாதத்தில் சரியாகிவிடும். அவர்கள் ஒரு வருத்தம் தெரிவிப்பார்கள், நாங்கள் ஒரு கை தூக்குவோம், இரண்டு சபையும் சேர்ந்து ஒரு விருந்து சாப்பிடும். ஆனால் சனிக்கிழமை மூன்று மாதம் காத்திருக்குமா? எனக்கும் ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு பேர் கை தூக்கினார்கள். என்ன தீர்மானம் என்று சரியாகக் கேட்காமல் நானும் தூக்கிவிட்டேன். இருபத்துமூன்று என்று ஸ்டாம்பு எழுதிக்கொண்டார்.

மாடிப்படியில் பல் டாக்டர் அவர் தோளைத் தொட்டார். கோபமெல்லாம் மேசையோடு சரி, உள்ளுக்குள் இளகின ஆள்.

“லெட்டர் திங்கட்கிழமை போனாப் போதும் சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

“தீர்மானத்துல ‘உடனே’ன்னு இருக்கு.”

“என் ஆஸ்பத்திரில உடனேன்னா சாயங்காலம் ஆறு மணி. அட, சனிக்கிழமை முடியட்டுமே!”

“பாக்கறேன் ஐயா” என்றார் ஸ்டாம்பு. எனக்கு உயிர் வந்தது.

புதன்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் உட்கார்ந்தேன். தட்டச்சு இயந்திரத்தில் தாள் ஏற்றியிருந்தார். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நானே போய் அவர்கள் காலில் விழுந்து வருத்தக் கடிதம் வாங்கி வருகிறேன் என்றேன். எங்கள் காலாண்டுக் கூட்டம் கூடாமல் அது செல்லாது என்றார். உடம்பு சரியில்லை என்று நான்கு நாள் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். படுத்தால் துணைச் செயலாளர் அனுப்ப வேண்டும் என்றார்.

“கூடப் பொறந்தவன்யா! யாரு கேக்கப் போறாங்க?”

“கேப்பாங்க. இன்னைக்கு இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு. அவன் ஒரு முடிவு எடுப்பான், எவனுக்கோ பிடிக்காது. அப்ப ஒருத்தன் எந்திரிச்சு, ‘ஐயா, உங்க கழுத்துல பட்டை போட்டது யாரு? உறவு வேணாம்னு தீர்மானம் போட்ட சபையோட செயலாளர். லெட்டர ஒளிச்சு வெச்சுக்கிட்டு வந்து போட்டாரு. அந்தப் பதவியேற்பு செல்லுமா?’ன்னு கேப்பான். பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல, அவன். முப்பத்தொரு வருஷமா ஏறினவன்.” தாளை ஒரு சுற்றுச் சுற்றினார். “என் ஆசைக்கு அவன் நாற்காலிக் கால அறுக்கணுமா?”

அவர் ஒவ்வொரு விரலாகத் தட்டினார். ‘மதிப்பிற்குரிய சகோதரரே’ என்று ஆரம்பித்தது கடிதம்.

அந்தக் கரைச் செயலாளர் ஒரு மாட்டு டாக்டர். மறுநாளே தம்பியிடம் காட்டிவிட்டார். போன் வந்தபோது நான் கடையில்தான் இருந்தேன். ஸ்டாம்புவுக்கு இடது காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அண்ணா, லெட்டர் வந்துச்சு.”

“ம்.”

“நீயே அடிச்சியா?”

“வேற யாரு அடிப்பா?”

“கை வந்துச்சா உனக்கு?”

“ரெண்டு இடத்துல தப்பு விழுந்துச்சு. திருத்தி அடிச்சேன்.”

அந்தப் பக்கம் பேக்கரித் தட்டுகள் மோதுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

“அப்ப சனிக்கிழமை நீ இல்ல.”

“கூட்டத்துக்கு இல்ல. மத்தியானம் வீட்டுக்கு வரேன். உன் வீடு எந்தத் தாய்ச்சபையும் இல்ல.”

“பட்டைய யாரு போடுவா?”

“ஏன், உங்க சபைல கை உள்ளவங்க யாரும் இல்லையா?”

“நீ ஒரு மனுஷனாண்ணா?” என்றார் தம்பி. போன் வைத்த சத்தம் கேட்டது. ஸ்டாம்பு பேனாவை எடுத்தார். எழுதாத பேனா. அடுத்ததை எடுத்தார். அதுவும் எழுதவில்லை. அன்று முழுக்க வந்தவர்களுக்கு எப்போதும்போலக் கண் பார்த்தார். நாற்பத்திமூன்றாவது வரி வரைக்கும் யாரையும் விடவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு எனக்குப் போன். “வண்டி எடுத்துட்டு வர முடியுமா?”

“வரலன்னு சொன்னீங்களே?”

“உள்ளதான் போகக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. தேடிப் பாத்துட்டேன்.”

கறுப்புக் கோட்டு போட்டு, சட்டை காலர் வரைக்கும் பொத்தான் மாட்டி நின்றார். நல்ல கோட்டு, இதற்கென்றே தைத்தது. பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தினேன்.

அவர்கள் கட்டடத்தில் முதல் மாடியில் ஹால். அதற்கு முன்னால் நீளமாக ஒரு வராந்தா. விழாவுக்காக வராந்தாச் சுவரில் பூசிய புதுப் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன், மணல் சலிக்காமல் போட்டிருக்கிறார்கள். கதவு வாசலில் வாளோடு காவல்காரர். மேசன் லாட்ஜுக்கு வெளியே ஓர் ஆள் வாளோடு நிற்பது முறை. இவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வாளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“வாங்கண்ணே. ஆனா உள்ள விட முடியாதேண்ணே, லெட்டர் வந்திருக்கே.”

“விட்டா உம்ம மேல எழுத்து மூலமா புகார் கொடுப்பேன்” என்றார் ஸ்டாம்பு.

“அதானே. டீயாவது?”

“அது கொண்டாரும்.”

பத்துக்கு ஐந்து நிமிஷம். வரிசையாக வந்தார்கள், ஏப்ரனும் கையுறையுமாக. நடுவில் தம்பி. எங்களைப் பார்த்ததும் வரிசை நின்றுவிட்டது. மாட்டு டாக்டர் என்னை முறைத்தார். என் பெயரை அச்சில் போட்டவர் அவர்தான். தம்பியின் முகம் எதற்கும் தயாராக இருந்தது, சண்டைக்கும் சரி, அழுகைக்கும் சரி.

ஸ்டாம்பு கைக்குட்டையை எடுத்து இரண்டு அடி முன்னால் போனார். “காதுல மாவு” என்றார். துடைத்துவிட்டார். “இந்தப் பக்கமும்.” தம்பி முழங்காலை லேசாக மடித்துத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். துடைத்தாயிற்று. ஸ்டாம்பு இரண்டு அடி பின்னால் வந்து சுவரோடு நின்றார்.

“நேரமாச்சு. போ.”

உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது. காவல்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாளை எடுத்துக் கையில் பிடித்தார்.

உள்ளே பேசுவது முனகல் மாதிரி கேட்டது, ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஸ்டாம்பு பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். டீ ஆறிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை; கதவில் காதை வைத்தேன். “அண்ணே, வாள் நெஜ வாளு” என்றார் காவல்காரர். நகர்ந்துகொண்டேன். வெகு நேரம் கழித்து முனகலும் நின்றது. நாற்காலிகள் நகர்ந்தன, எல்லோரும் எழுந்திருக்கிறார்கள்.

“பட்டை போடறாங்க” என்றார் காவல்காரர், தாழ்ந்த குரலில்.

ஸ்டாம்பு எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைப் பார்த்து நின்றால் கலந்துகொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அப்படியே திரும்பி, ஈரம் காயாத சுவரைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றார். உள்ளே கைதட்டல் கிளம்பியது. முதுகுக்குப் பின்னால், கதவைப் பார்த்தபடி, அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் சத்தம் வராமல் ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன.